உண்டியல் கொடுத்த வங்கிக்காரர்

நண்பர்களே, துருக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோர் அந்தக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் பாட்சாவோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் பக்கத்தில் நின்று பணம், கணக்கு, தொழில் என்று பார்த்துக்கொண்ட ஜெலால் பயாரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பிரதமர், குடியரசுத் தலைவர், மரண தண்டனைக் கைதி என்று எல்லாமாகவும் இருந்தவர், 103 வயது வரை வாழ்ந்தவர். ஆனால் என்னைக் கேட்டால் அவர் செய்த பெரிய வேலை 1924இல் ஒரு வங்கி தொடங்கியதுதான். பதவிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1883இல் புர்சா பக்கம் உமுர்பே என்ற கிராமத்தில் பிறந்தார். ரஷ்யப் போரில் பல்கேரியப் பகுதியை விட்டு ஓடிவந்த குடும்பம். நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை, பிறகு விவசாய வங்கி, பிறகு புர்சாவில் ஒரு ஜெர்மன் வங்கியின் கிளை. அந்தக் காலத்து உஸ்மானிய அரசின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நோட்டு அடிக்கும் உரிமை ஆங்கிலேய, பிரெஞ்சு முதலாளிகளின் வங்கியிடம் இருந்தது. உப்பு வரி, புகையிலை வரியைக்கூட 1881 முதல் வெளிநாட்டுக் கடன்காரர்களின் நிர்வாகமே நேரடியாக வசூலித்துக்கொண்டது. சொந்த நாட்டில் அடுத்தவர் கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதிய பையனுக்கு, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1919 மே மாதம் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது அந்த ஊரில் கட்சி வேலை பார்த்து நன்றாக அறிமுகமாகியிருந்த இவர், தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, காலிப் ஹோஜா என்ற பெயரில் மார்க்க அறிஞராக வேடம் போட்டு, கிராமம் கிராமமாகப் போய் மக்களைத் திரட்டினார். பிறகு அங்காராவுக்குப் போய் கமாலோடு சேர்ந்துகொண்டார்.

சரி, வங்கிக்கு வருவோம். உஸ்மானிய சுல்தானின் கலீபா பதவியைக் காக்க இந்தியாவில் நடந்த கிலாபத் இயக்கக் காலத்தில் நம் இந்திய முஸ்லிம்கள் திரட்டி அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி கமாலின் கையில் மீந்திருந்தது. அதிலிருந்து 2,50,000 லிரா முதலாகப் போட்டு, 1924 ஆகஸ்ட் 26 அன்று ‘இஷ் பங்காஸி’ தொடங்கியது. இரண்டே கிளை, 37 ஊழியர்கள், பொறுப்பு பயாருடையது. போரிலும், கிரேக்க நாடும் துருக்கியும் தங்கள் சிறுபான்மையினரை மாற்றிக்கொண்ட மக்கள் பரிமாற்றத்திலும் கிரேக்க, ஆர்மீனிய வணிகர்கள் அழிந்தும் துரத்தப்பட்டும் போயிருந்த நாடு அது. அந்தத் துயரத்தை மறைத்துவிட்டு இந்த வங்கியின் கதையைச் சொல்ல முடியாது. கடைவீதி வெறுமையாகக் கிடந்தது, புதிதாக வியாபாரம் செய்ய வந்தவனுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை.

1928இல் அந்த வங்கி வீடுகளுக்குச் சின்ன உலோக உண்டியல்களைக் கொடுக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் காசைப் போட்டு நிரப்பி, கிளைக்குக் கொண்டுபோய்த் திறந்து கணக்கில் சேர்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. வங்கி வாசலை மிதித்தே அறியாத குடும்பத்தை ஒரு குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிட்டார்களே! அப்படிச் சேர்ந்த பணம் சர்க்கரை ஆலையாகவும் கண்ணாடித் தொழிற்சாலையாகவும் மாறியது.

1932இல் பொருளாதார அமைச்சரானார். சோவியத் கடனில் கய்சேரியில் பெரிய துணி ஆலை எழுந்தது. 1937இல் பிரதமர். அடுத்த ஆண்டு கிழக்குத் துருக்கியின் தெர்சிம் பகுதியில் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது இவருடைய ஆட்சியில்தான். இவரை மெச்சிப் பேசுகிற நானும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1946இல், பின்னாளில் பிரதமரான மெண்டெரெஸ் உள்ளிட்ட மூவரோடு சேர்ந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1950 மே 14 தேர்தலில், கமால் தொடங்கி 27 ஆண்டு ஆண்ட கட்சி தோற்று, சண்டையில்லாமல் ஆட்சியை விட்டுக்கொடுத்தது. ராணுவத்திலிருந்து வராத முதல் குடியரசுத் தலைவர் பயார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எதிர்ப்புக் குரலைப் பொறுக்க முடியவில்லை. 1955 செப்டம்பரில் இஸ்தான்புல் கிரேக்கர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. 1958இல் டாலர் 2.80 லிராவிலிருந்து 9 லிராவுக்குப் போனது. 1960 ஏப்ரலில் எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்க ஒரு கமிஷனே போட்டார்கள். வங்கி நடத்தும்போது தெருவில் போகிறவனின் நம்பிக்கையைக் காசு காசாகச் சேர்த்த மனிதர், ஆட்சியில் அதைப் பத்தே வருஷத்தில் தீர்த்துவிட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மே 27 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. யஸ்ஸியாதா தீவில் விசாரணை, மரண தண்டனை. மெண்டெரெஸையும் இரண்டு அமைச்சர்களையும் தூக்கிலிட்டார்கள். பயாருக்கு வயது 65ஐத் தாண்டியதால் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. கொண்டுபோய் அடைத்தது எங்கே தெரியுமா? கய்சேரி சிறையில். தான் அமைச்சராக இருந்தபோது ஆலை எழுந்த அதே ஊர். 1964இல் வெளியே வந்தார், 1986 ஆகஸ்ட் 22 அன்று இறந்தார், உமுர்பேயிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் தொடங்கிய வங்கி இன்றும் துருக்கியின் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று. அதில் கமாலின் பங்குகள், சுமார் 28 சதவீதம், அவர் எழுதிவைத்த உயிலின்படி 1950இல் பயார் தோற்கடித்த அதே கட்சியின் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் அதன் லாபம் கட்சிக்குப் போவதில்லை, துருக்கி மொழிக் கழகத்துக்கும் வரலாற்றுக் கழகத்துக்கும் போகிறது.