தொப்பி கொடுப்பது தொடரட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சர்வதேசக் கால்பந்தில் நாட்டுக்காக ஆடியவருக்குத் தொப்பி வழங்கும் மரபு இன்னும் தேவையா என்பதுதான் தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று காரணங்கள் சொன்னார். அந்தத் தொப்பியை யாரும் தலையில் வைப்பதில்லை. யார் எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற கணக்கு கணினியிலேயே இருக்கிறது. வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்து அதன் மதிப்பே போய்விட்டது.

முதல் காரணத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1886-இல் இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தில் லேன் ஜாக்சன் என்பவர் முன்மொழிந்து, ரோஜா பின்னிய வெள்ளைப் பட்டுத் தொப்பி தருவதென்று முடிவானது. பட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு யாரும் மழையிலும் சேற்றிலும் பந்தை முட்டப் போவதில்லை. அன்றைக்கே அது வீட்டில் வைத்துப் போற்றத்தான் தரப்பட்டது. பிறகு வெல்வெட் வந்தது, உச்சியில் குஞ்சம் வந்தது, எதிர்த்து ஆடிய நாட்டின் பெயரையும் ஆண்டையும் நூலால் பின்னினார்கள். பதக்கத்தையும்தான் யாரும் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதில்லை. அதற்காகப் பதக்கமே வேண்டாம் என்போமா?

சரி, கணினிக் கணக்குக்கு வருவோம். எதிரணியின் பெரிய வாதமே இதுதான். ஸ்டூவர்ட் இம்லாக் என்று ஒருவர். 1958 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர். அந்தக் காலத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அணிகளோடு ஆடினால்தான் ஸ்காட்லாந்துச் சங்கம் தொப்பி தரும். அவர் ஆடியதெல்லாம் வேறு நாடுகளோடு. ஏட்டில் அவர் பெயர் இருந்தது, ஆட்டக் கணக்கும் இருந்தது, ஆனால் கையில் தொப்பி இல்லை. 2001-இல் அவர் காலமானார். அதற்குப் பிறகு அவருடைய மகன் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் சங்கம் இறங்கி வந்தது. 2006-இல் அவருக்கும் அவரைப் போல விடுபட்டவர்களுக்கும் தொப்பி வழங்கியது. ஏட்டில் பெயர் இருந்தாலே போதும் என்றால், அந்த மகன் எதற்காக அப்படிப் போராட வேண்டும்?

1972 நவம்பரில் இங்கிலாந்துப் பெண்கள் தங்கள் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஸ்காட்லாந்தில் ஆடி 3-2 என்று வென்றார்கள். பெண்கள் கால்பந்துக்குத் தன் கழகங்களின் மைதானங்களையே 1921-இல் மூடிய இங்கிலாந்துச் சங்கம் அது. அந்தப் பெண்களுக்குச் சங்கத்தின் தொப்பி கிடைத்தது 2022-இல், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில். ஐம்பது ஆண்டுகள் நடுவர் அவர்களே! இருபது வயதில் ஓடியவர்கள் எழுபது வயதில் வந்து வாங்கினார்கள். 'இனி எதற்கு இது?' என்று அவர்கள் கேட்கவில்லை.

அப்புறம் ஜாக் லெஸ்லி. பிளிமத் ஆர்கைல் கழகத்துக்கு 137 கோல் அடித்த கறுப்பினத்தவர். 1925-இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானார். பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். தோலின் நிறம் தெரிந்ததால்தான் எடுத்தார்கள் என்று அவர் கடைசிவரை நம்பினார். ஓய்வுக்குப் பிறகு வெஸ்ட் ஹாம் கழகத்தில் வீரர்களின் பூட்ஸைத் துடைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அதில் பாபி மூரின் பூட்ஸும் உண்டு. 108 முறை இங்கிலாந்துக்கு ஆடியவரின் பூட்ஸ், ஒரு முறைகூட ஆட விடப்படாதவரின் கையில்! 2023-இல், அவர் இறந்து ஏறக்குறைய 35 ஆண்டுகள் கழித்து, சங்கம் அவருக்கான கௌரவத் தொப்பியை அவர் குடும்பத்திடம் கொடுத்தது. இந்த அநியாயத்தை எந்தக் கணினிப் பட்டியலில் திருத்துவீர்கள்? அவர் ஆடவே இல்லை. பட்டியலில் ஏற்ற ஓர் ஆட்டமே கிடையாது. கையில் கொடுக்க ஒரு தொப்பி இருந்ததால்தான் சங்கத்தால் தன் தவறை ஊரறிய ஒப்புக்கொள்ள முடிந்தது.

மூன்றாவது காரணத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2003-இல் ஆஸ்திரேலியாவோடு நடந்த நட்பு ஆட்டத்தில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றினார். பாதி ஆட்டம் ஆடியவருக்கும் முழுத் தொப்பியா என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். அடுத்த ஆண்டே ஃபிஃபா, நட்பு ஆட்டத்தில் ஆறு மாற்று வீரர்களுக்கு மேல் கூடாது என்று விதி போட்டது. விதி தளர்ந்திருந்தது, இறுக்கினார்கள். இன்னும் இறுக்க வேண்டும் என்று எதிரணி சொன்னால் நானும் கூடவே வந்து கேட்கிறேன். ஆனால் மரபையே நிறுத்து என்பது வேறு பேச்சு. அன்று இடைவேளைக்குப் பிறகு இறங்கியவர்களில் 17 வயது வெய்ன் ரூனியும் ஒருவர். பின்னாளில் 120 ஆட்டம் ஆடியவருக்குக் கணக்கு தொடங்கியது அந்தப் பாதி ஆட்டத்தில்தான். முதல் தொப்பி வாங்குகிறவர் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதைப் பார்த்து அவர் தகுதியை அளக்க முடியாது.

தொப்பி கிடைக்காதவர்கள் பட்ட பாட்டை மனதில் வைத்து நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.