கடைசி அடி இல்லாத ஓட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

100 மீட்டர் ஓட வேண்டும். முதலில் பாதி தூரம், 50 மீட்டர். மிச்சத்தில் பாதி 25, அதிலும் பாதி பன்னிரண்டரை. எவ்வளவு நெருங்கினாலும் இன்னொரு பாதி மிச்சம் இருக்கும். துண்டுகளுக்கு முடிவே இல்லையென்றால், ஓடுகிறவர் கோட்டைத் தொடுவது எப்படி?

கேட்டவர் எலேயா நகரத்துக் கிரேக்கத் தத்துவவாதி ஜீனோ. கி.மு. 5ஆம் நூற்றாண்டு. மாற்றம் என்பதே மயக்கம் என்ற பார்மெனிடிஸின் மாணவர். இந்தப் புதிரை மறுப்பதற்காக அரிஸ்டாட்டில் எடுத்து எழுதியதால்தான் அது நம் கைக்கு வந்திருக்கிறது. எதிராளி புண்ணியத்தில் பிழைத்த வாதம்!

எழுந்து நாலடி நடந்து காட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. நடக்க முடியும் என்பது ஜீனோவுக்கும் தெரியும். வாதத்தில் பிழை எங்கே என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத்துப் பதில் இது: நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் முதல் துண்டுக்கு 10 நொடி, அடுத்ததற்கு 5, அப்புறம் இரண்டரை. எத்தனை துண்டைக் கூட்டினாலும் 20 நொடியைத் தாண்டாது. எண்ணிக்கை முடிவில்லாதது, மொத்தமோ 20தான். கூட்டிக்கொண்டே போகிற தொகை ஓர் அளவுக்கு மேல் வளராது என்று எப்படித் தெரியும் என்பதை ஆரியபட்டரின் ஆரியபடீயம் என்ற கணித, வானியல் நூலுக்கு உரை எழுதிய கேரளக் கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜியும் கேட்டிருக்கிறார். 1/4, 1/16, 1/64 என்று கூட்டிக்கொண்டே போனால் 1/3 வரும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு.

சரி, துண்டுகள் சிறுத்துக்கொண்டே போனால் தொகை அடங்கிவிடுமா? அதுதான் இல்லை. களைத்துப்போகும் ஓர் ஓட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். முதல் 50 மீட்டருக்கு 10 நொடி. அடுத்த 25க்கு அதில் பாதி, 5 நொடி. அடுத்த துண்டுக்கு 10 நொடியில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கடுத்து நாலில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டுக்கும் முந்தியதைவிடக் குறைந்த நேரம்தான். ஆனால் 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் கூட்டலுக்கு உச்சவரம்பே கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை அழகாக நிறுவினார்: 1/3, 1/4 சேர்ந்தால் அரைக்கு மேல், 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல், அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரை, அரையாக ஏறிக்கொண்டே போகும். நிதானமாகத்தான் ஏறும்: 83 துண்டு முடியும்போது 50 நொடி தாண்டும், 100 நொடி தாண்ட 12,367 துண்டு வேண்டும். ஆனால் ஏறுவது நிற்காது. ஆக இந்த ஆள் எல்லைக்கோட்டைத் தொடவே மாட்டார். இவர் விஷயத்தில் ஜீனோ சொன்னது அப்படியே சரி! துண்டுகளின் எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. நேரத்தின் மொத்தம் அடங்குகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இத்தோடு புதிர் தீர்ந்தது என்று பல புத்தகங்கள் மூடிவிடுகின்றன. எனக்கு அது அவசரமாகத் தெரிகிறது. 1954இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற தத்துவவாதி ஒரு விளக்கைக் கற்பனை செய்தார். ஒரு நிமிடம் எரியும், அரை நிமிடம் அணையும், கால் நிமிடம் எரியும், இப்படியே. மொத்தம் 2 நிமிடம், கணக்கு கச்சிதம். சரியாக 2ஆவது நிமிடத்தில் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? ஸ்விட்ச் அதற்குள் உடைந்துவிடும் என்பீர்கள். உடையாத ஸ்விட்ச் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் வாயைத் திறக்காது.

1962இல் பால் பெனாசெராஃப் என்ற இன்னொரு தத்துவவாதி தந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. 2 நிமிடத்துக்கு முன்னால் நடப்பதைத்தான் தாம்சன் சொன்னார். அந்தக் கணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எரிந்தாலும் முரண் இல்லை, அணைந்தாலும் இல்லை.

யோசித்தால், நம் முதல் ஓட்டக்காரர் கதையும் அதேதான். துண்டுகளின் பட்டியல் 20ஆவது நொடிக்கு முன்பு வரைதான் பேசுகிறது. அந்த நொடியில் அவர் கோட்டின்மேல் இருப்பார் என்பது கூட்டலிலிருந்து மட்டும் வருவதில்லை. அவர் இருக்கும் இடம் 100ஐ நெருங்கிக்கொண்டே வருகிறது, ஓடுகிற உடம்பு இடையில் மறைந்து வேறிடத்தில் முளைப்பதில்லை. இயக்கத்தில் தாவல் கிடையாது என்ற இந்த இரண்டாவது தகவல்தான் அவரைக் கோட்டில் நிறுத்துகிறது. எரிவதும் அணைவதுமாக மாறும் விளக்கு எந்த நிலையையும் நெருங்குவதில்லை; அதனால் அதற்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

நன்றி, வணக்கம்.