வில்ட் சேம்பர்லினின் 50.4: எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது

(காட்சி: ஊட்டி, மாலை நேரம். பனிமூட்டம் இறங்கிய சிமெண்ட் கோர்ட். நனைந்த பந்தைத் துண்டால் துடைக்கும் கைகள்.)

குரல்: கூடைப்பந்து ஆட்டம் முடிந்து, வர்க்கியைத் தொட்டு டீ குடிக்கும்போது கிளம்பும் சண்டை இது: அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஒரே காலத்தில் ஆடிய இருவரில் யார் பெரியவர்? "ஒரே மேட்சில் 100 பாயிண்ட் போட்டவர் வில்ட் சேம்பர்லின். அவருக்கு மேல் யார்?" என்பார் ஒருவர். "அண்ணா, பில் ரஸ்ஸல் 11 தடவை சாம்பியன். உங்க ஆளு ரெண்டே தடவை" என்பான் தம்பி. இரண்டும் உண்மை. அந்த எண்களைப் படிக்கும் விதத்தில்தான் தவறு நடக்கிறது.

(திரையில்: வில்ட், 1961-62. 80 ஆட்டங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 50.4 பாயிண்ட், 25.7 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 48.5 நிமிடம்.)

முதலில் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். அந்த சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ரிங்கை நோக்கி எறிந்தது சுமார் 108 முறை. இன்று அது 90-க்குச் சற்றுக் கீழே. அன்று பந்து கிடைத்ததும் ஓடிப்போய் எறிவார்கள். நூற்றுக்கு 43 அளவில்தான் உள்ளே விழும். தவறியதை எடுத்துக்கொண்டு எதிரணி ஓடும். வாய்ப்பு கூடியதால் பாயிண்ட் கூடியது, தவறியவை கூடியதால் ரீபவுண்டும் கூடியது. ஆகவே 50.4-ஐ 90-ஆல் பெருக்கி 108-ஆல் வகுங்கள். விடை 42. இன்றைய வேகத்தில் அவருடைய சராசரி ஏறத்தாழ இதுதான். இதுவரை கணக்கு நியாயமானது.

அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "எல்லோரையும் 36 நிமிடத்துக்குச் சமப்படுத்து" என்று இன்னொரு முறை வகுக்கிறார்கள். 42 பாயிண்ட் 31 சொச்சமாக இறங்கிவிடும். நம் காலத்து வீரர் ஜேம்ஸ் ஹார்டன் 2018-19-ல் 36.8 நிமிடத்தில் 36.1 பாயிண்ட் எடுத்தவர், அவர் மேலே போய்விடுவார். ஆனால் இந்த வகுத்தலில் காணாமல் போவது எது?

(திரையில்: 3,890 நிமிடங்களில் 3,882.)

என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். சராசரி 48.5 வரக் காரணம், கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களிலும் அவர் உட்காரவில்லை. சீசன் முழுவதும் அவர் ஆடாதது 8 நிமிடம். அதுவும் களைத்துப்போய் அல்ல, நடுவர் வெளியே அனுப்பியதால்.

இதன் கனம் நீலகிரிக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், என்பிஏ-வின் உயரமான ஊரான டென்வரைவிட 600 மீட்டருக்கும் மேல். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் அதேதான். அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து அன்றைக்கே ஏறி வந்த அணிக்கு இரண்டாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கும், கால் தரையை விட்டு எழும்பாது, எறிதல் ரிங்குக்கு முன்னாலேயே விழும். வில்ட் ஆடியது சமவெளியில்தான். இருந்தாலும் 7 அடி 1 அங்குல உடம்பு, அடுத்தடுத்த இரவுகளில் வரும் ஆட்டங்கள், மாற்றாளே கிடையாது. ஓய்வெடுத்து ஆடுபவரின் வேகத்தை அளவுகோலாக்கி, ஓய்வே எடுக்காதவரைக் குறைத்து மதிப்பிடுவது சரியில்லை. எங்கள் கணக்கில் 42-ஓடு நிறுத்த வேண்டும்.

"எதிரே ஆளே இல்லை" என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. லீக்கில் 9 அணிகள் என்பதால் ரஸ்ஸலையே திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டியிருந்தது. உயரமானவர்களை ரிங்கிலிருந்து தள்ளி நிறுத்த, 1964-ல் ரிங்குக்குக் கீழுள்ள கட்டத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக அகலமாக்கினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு சீசன்கள் பாயிண்டில் முதலிடம் அவருக்கே.

ஒரு எச்சரிக்கை. "ஆட்டத்துக்கு இத்தனை பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது)" என்று யாராவது எண் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். என்பிஏ பிளாக்கை எண்ணத் தொடங்கியது 1973-74-ல். வில்ட் ஆடிய கடைசி சீசன் 1972-73. ரஸ்ஸலுக்கும் இதே கதைதான்.

(திரையில்: 1961-62, ஆட்டத்துக்கு 39.5 எறிதல். 1966-67, 14.2 எறிதல்.)

ரஸ்ஸல் ரசிகர்களின் வலுவான வாதம் இங்கே இருக்கிறது. 50.4 எடுத்த அதே ஆண்டில் வில்டின் வாரியர்ஸ் அணி நாக்அவுட் சுற்றுத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் ரஸ்ஸலின் பாஸ்டனிடம் 109-107 என்று தோற்றது. சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்கள்தான், அவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை. 1966-67-ல் வில்ட் எறிவதைக் குறைத்தார். 24.1 பாயிண்ட், 7.8 அசிஸ்ட் (கூட்டாளி பாயிண்ட் எடுக்கக் கொடுத்த பாஸ்), எறிந்ததில் 68.3 சதவீதம் உள்ளே. அப்போது அவர் ஆடிய பிலடெல்பியா அணி 68 வென்று 13 தோற்றது, பாஸ்டனையும் வீழ்த்திக் கோப்பை எடுத்தது. வில்ட் பக்கம் பேசுபவர்கள் 100 பாயிண்ட்டை விட்டுவிட்டு இந்த சீசனை முன்னே வைத்தால் வாதம் இன்னும் நிற்கும்.

ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதலில், மட்டும் பதில் கிடையாது. 1961-62-ல் பந்தை இரு கையாலும் இடுப்புக்குக் கீழிருந்து தூக்கிப் போட்டார், 61.3 சதவீதம் விழுந்தது. 100 பாயிண்ட் எடுத்த இரவில் 32-க்கு 28. பிறகு அந்த முறையைக் கைவிட்டார். 1967-68-ல் 38 சதவீதம். தடுக்க ஆளில்லாத இடம், 15 அடி தூரம், கைக்கு வசப்பட்ட முறை. அதை அவரே விட்டுவிட்டார்.