ஹால் டிக்கெட்டோடு விடுதியில் இருந்தவன்

(பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்களிடையே மின்னியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களே, முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டுக் கடைசியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'உயர்கல்வியும் வாய்ப்புகளும்' என்று போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தத் தலைப்பில் பேசினால் நீங்கள் மட்டுமில்லை, நானே தூங்கிவிடுவேன். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை என் அறை வாசலில் யாராவது ஒருவர் வந்து நின்று கேட்கும் கேள்வி. "சார், ஒண்ணுமே படிக்கல. டேட்டைத் தள்ளிப் போட்டுடட்டுமா?" இது வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதப்போகிறவர் கேட்பது. இங்கேயே எம்.டெக். சேர 'கேட்' (GATE) தேர்வு எழுதுகிறவர் கொஞ்சம் வேறு மாதிரி கேட்பார்: "இந்த வருஷம் விட்டுட்டு, அடுத்த வருஷம் நல்லாப் படிச்சு எழுதட்டுமா சார்?"

பதில் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இறுதியாண்டு படித்தது 1993-இல். கேட் தேர்வுக்குப் பணம் கட்டினேன், ஹால் டிக்கெட்டும் தபாலில் வந்தது. சென்டர் வேறு ஊரில். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால்தான் ஞாயிறு காலை போய்ச் சேர முடியும். சனிக்கிழமை சாயங்காலம் புத்தகத்தை விரித்தேன். நெட்வொர்க் தியரி முதல் மூன்று அத்தியாயம் தண்ணீர்பட்ட பாடு. அதற்கு மேல் வெள்ளைத்தாள். பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. மெஷின்ஸ் தொடவே இல்லை. 'போய் அவமானப்படுவானேன், அடுத்த வருஷம் முழுசாகப் படித்துவிட்டுப் போவோம்' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

என் அறைத்தோழன் என்னைவிடக் குறைவாகப் படித்தவன். அவன் பஸ் ஏறிவிட்டான். அவன் ஜெயித்துவிட்டான், நான் தோற்றுவிட்டேன் என்று கதை போகும் என்று எதிர்பார்ப்பீர்கள். அதுதான் இல்லை. அவனும் மண்ணைக் கவ்வினான். ஆனால் திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்பி வந்தவன் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தான்: எங்கே நேரம் போயிற்று, எந்தக் கணக்கில் கை நடுங்கியது, எந்தப் பகுதியிலிருந்து கேள்வியே வரவில்லை என்று. அடுத்த ஆண்டு அவன் அந்தக் காகிதத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். நான்? மறுபடியும் நெட்வொர்க் தியரி, முதல் அத்தியாயம். (சிரிப்பு) சிரிக்காதீர்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். முதல் ஐம்பது பக்கம் கறுத்துப்போயிருக்கும், மிச்சமெல்லாம் பளபளவென்று கடையில் வாங்கியபடி இருக்கும்.

சரி, கேட்டுக்கு வருவோம். இதில் தள்ளிப்போடுவது என்ற ஒன்றே கிடையாது. தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியில். நீங்கள் தள்ளவில்லை, விடுகிறீர்கள். விட்டால் போவது ஒரு வருஷம். எழுதினால் போவது என்ன? இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. வயது வரம்பும் இல்லை. மோசமான மதிப்பெண்ணை யாரிடமும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல மதிப்பெண் வந்தால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 2021 தேர்விலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. கட்டிய பணமோ எப்படியும் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே கேட் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காய்ச்சலில் படுத்திருந்தால் ஒழிய, போய் எழுதுங்கள்.

'படிக்காமல் போய் என்ன எழுதுவது?' என்பீர்கள். மொத்தம் 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத்திறன். பெரும்பாலான பொறியியல் தாள்களில் கணிதத்துக்கு 13 மதிப்பெண். இந்த 28-ஐ டிசம்பரில் உட்கார்ந்தால்கூடப் பிடிக்கலாம். கொள்குறிக் கேள்வியில் தப்பாகக் குறித்தால் ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிப்பார்கள். விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவே கிடையாது. அரைகுறையாகப் படித்தவனுக்கு இந்த விதிகள்தான் துணை. தெரிந்ததைப் போடு, எண் கேள்வியில் முயன்று பார், கொள்குறியில் குருட்டாம்போக்கில் குறிக்காதே.

இங்கே ஒரு எச்சரிக்கை. எம்.டெக். சேர்க்கைக்குத்தான் மூன்று ஆண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண் வைத்து ஆள் எடுக்கும்போது, வழக்கமாக அந்த ஆண்டு மதிப்பெண்ணைத்தான் கேட்கும். வேலைக்காக எழுதுகிறவர் இந்த ஆண்டை விட்டால், இந்த ஆண்டு ஆள்சேர்ப்பும் போயிற்று.

'எல்லோரும் சேர்ந்து கேட்டால் அவர்களே தள்ளி வைப்பார்கள்' என்ற நம்பிக்கை ஒவ்வொரு ஆண்டும் டெலிகிராம் குழுக்களில் சுற்றும். 2022-இல் என்ன நடந்தது? கொரோனா மூன்றாம் அலை. கேட் தேர்வு பிப்ரவரி 5-ஆம் தேதி தொடங்கவேண்டும். ஒத்திவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி நீதிமன்றம் மறுத்துவிட்டது. சுமார் 9 லட்சம் பேருக்கான தேர்வு, சொன்ன தேதியில் நடந்தது. அந்த ஜனவரி முழுவதும் மனு என்ன ஆயிற்று, நீதிபதி என்ன சொன்னார் என்று செல்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் என் மாணவர்களிலேயே உண்டு. மறுபக்கமும் சொல்லவேண்டும். 2024-இல் முதுநிலை நீட் ஜூன் 23-இல் நடக்கவேண்டியது. 22-ஆம் தேதி இரவு ஒத்திவைத்தார்கள். மருத்துவர்கள் பலர் அதற்குள் வெளியூர் போய் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். தேர்வு நடந்தது ஆகஸ்ட் 11-இல். அந்த ஏழு வாரத்தைப் 'போனஸ்' என்று கொண்டாடியவரை நான் பார்க்கவில்லை. ஓடி முடிக்கப்போகும் நேரத்தில் எல்லைக்கோட்டை நகர்த்தி வைத்தது போல் இருந்தது என்றுதான் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் பெண் சொன்னாள்.

இனி ஜிஆர்இ. இங்கே கதை வேறு. தேதியை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், நீங்களே மாற்றலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. தேர்வுக்கு நான்கு நாள் முன்னாலாவது மாற்றிவிடவேண்டும். அதைத் தாண்டினால் மொத்தப் பணமும் காலி. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று வீட்டில் சொல்வார்கள், தள்ளிப்போடாதே என்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கஞ்சி வேகவே இல்லை என்றால்? வேகாத கஞ்சியைச் சூடாகக் குடிப்பதில் என்ன பெருமை? ஆகவே ஜிஆர்இ-யில் நான் உடனே 'போய் எழுது' என்று சொல்வதில்லை. முதலில் மூன்று தகவல் கேட்பேன்.

முதல் தகவல், நீ விண்ணப்பிக்கும் துறை ஜிஆர்இ கேட்கிறதா? இதைப் பார்க்காமலே பணம் கட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி-யில் மின்னியல், கணினியியல் துறை ஜிஆர்இ கேட்பதில்லை. 2020-க்குப் பிறகு பல துறைகள் அதைக் கைவிட்டன. சில மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கின்றன. கேட்காத தேர்வுக்குத் தேதி மாற்றி, அதற்கும் பணம் கட்டுவானேன்?

இரண்டாவது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்ன? பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். டிசம்பர் 15 என்று வைத்துக்கொள்வோம், நிறையத் துறைகளுக்கு அதை ஒட்டித்தான் வரும். அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள். ஒருமுறை எழுதிவிட்டு மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறைதான். நவம்பர் 10-இல் எழுதினால் டிசம்பர் 1-இல் இன்னொருமுறை எழுதலாம், 11-ஆம் தேதிக்குள் மதிப்பெண் வந்துவிடும். அதாவது நவம்பர் 10-க்கு அப்பால் தேதியைத் தள்ளும்போது, நீங்கள் கூடுதல் நாட்களை வாங்கிக்கொண்டு இரண்டாவது வாய்ப்பை விற்கிறீர்கள். இந்த வியாபாரத்தில் எனக்குத் தெரிந்து லாபம் பார்த்தவர் குறைவு. ஏனென்றால் நீங்கள் எழுதிய தேர்வுகளில் எந்த மதிப்பெண்ணை அனுப்பவேண்டும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் முயற்சி சொதப்பினால் அது உங்கள் அலமாரியோடு போகும். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தகவல்தான் முக்கியம். மாக், அதாவது மாதிரித் தேர்வு, எழுதினாயா? இந்தக் கேள்விக்குப் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்று இலவச மாதிரித் தேர்வுகள் தருகிறது. 2023 செப்டம்பருக்குப் பிறகு முழுத் தேர்வே 1 மணி 58 நிமிடம்தான். ஒரு சினிமா நேரம்கூட இல்லை. இரண்டு மாதமாக 'நான் தயாராக இல்லை' என்று புலம்புகிறவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதைச் சரிபார்க்கவில்லை என்றால், அவர் தயாராக இல்லை என்பது அவருக்கே தெரியாது. பயம் தெரியும், அவ்வளவுதான்.

மாக் எழுதிய ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். தேர்வுக்கு ஒன்பது நாள். கணக்கில் 27 கேள்விக்கு 9 தப்பு. அழுதுகொண்டே வந்தாள். அந்த ஒன்பதையும் மேசையில் பரப்பினோம். இரண்டு கவனக்குறைவு. ஏழும் நிகழ்தகவும் வடிவியலும். பத்தாம் வகுப்போடு மறந்துபோனவை. நேரம் போதாமல் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அவளிடம் தேதியை மூன்று வாரம் தள்ளச் சொன்னேன். என்ன படிக்கவேண்டும் என்று ஒரு தாளின் பாதியில் எழுதிவிட முடிந்தது, அதனால் சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு. ஜிஆர்இ-யில் கணக்கு இரண்டு பகுதி: முதலில் 12 கேள்வி, அடுத்து 15. முதல் பகுதியில் நீங்கள் செய்வதைப் பொறுத்துத்தான் இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். மேல்மட்ட மதிப்பெண்ணுக்கான கதவு அங்கேயே சாத்திக்கொள்கிறது. அடிப்படையில் ஓட்டை இருந்தால் அது அடைபடும் வரை பொறுக்கலாம்.

அதே ஆண்டு ஒரு பையன். அவனும் தேதி மாற்றினான். ஆகஸ்டிலிருந்து அக்டோபர், அக்டோபரிலிருந்து நவம்பர் கடைசி. என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். "வொகாபுலரி இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங் பண்ணணும் சார்." சொல்வளத்துக்கு ஏது கரை? அது வற்றாத கடல், அதில் நின்றுகொண்டு எத்தனை மாதம் வேண்டுமானாலும் 'இன்னும் கொஞ்சம்' சொல்லலாம். கடைசியில் அவனுக்கு மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் டிசம்பர் 12-ஆம் தேதி ராத்திரி எனக்கு போன். "சார், ரெகமண்டேஷன் லெட்டர்... 15-ஆம் தேதி கடைசி." மூன்று கல்லூரிகளுக்கு ஒரே இரவில் எழுதினேன். எழுதியது மோசமான கடிதம். அவன் செய்த புராஜெக்ட் என்னவென்று நிதானமாக நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு அவகாசமில்லை. நல்ல பையன், உழைப்பாளி என்று எல்லோருக்கும் பொருந்துவதை எழுதி அனுப்பினேன். தப்பு என் மேலும்தான்; முடியாது என்று சொல்லியிருக்கலாம். தேர்வுத் தேதியைத் தள்ளும்போது தேர்வு மட்டும் நகர்வதில்லை. ஏன் சேர விரும்புகிறேன் என்று எழுதும் நோக்க அறிக்கை, சிபாரிசுக் கடிதம், செமஸ்டர் தேர்வு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

வீட்டில் சாவு, உடம்புக்கு முடியவில்லை, அதே வாரம் அரியர் பேப்பர். இதற்கெல்லாம் என்னிடம் வந்து அனுமதி கேட்காதீர்கள். மாற்றிவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

கடைசியாக வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'டிராப்' எடுத்து ஒரு வருஷம் படிக்கிறேன் என்கிறீர்கள். வசதி இருந்தால் எடுங்கள். ஆனால் ஊரில் 'பையன் என்ன பண்றான்?' என்று கேட்பவர்களுக்கு உங்கள் அம்மாதான் பதில் சொல்லவேண்டும், நீங்கள் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(நான்காவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார்.)

"சார், எனக்கு அடுத்த வியாழக்கிழமை ஜிஆர்இ. தள்ளட்டுமா, வேண்டாமா?"

இன்றைக்கு வெள்ளி. நான்கு நாள் கணக்குப் பார்த்தால் ஞாயிறுதான் உனக்குக் கடைசி. அதையும் நம்பாதே, சனிக்கிழமை ராத்திரிக்குள் முடிவு பண்ணிவிடு. பவர்பிரெப் மாக் எத்தனை மிச்சம் வைத்திருக்கிறாய்?

"ஒண்ணுகூட எழுதல சார்."

(அரங்கில் சிரிப்பு)

சரி, நாளைக்குக் காலை பத்து மணிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வா. போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுது. பன்னிரண்டு மணிக்குத் தேதியைப் பற்றிப் பேசலாம்.