பத்தும் இரண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சீட்டாடும்போது கைச்சீட்டை மார்போடு அணைத்துப் பிடிப்போம். பக்கத்தில் இருப்பவர் கழுத்தை நீட்டினாலே சட்டென்று மடக்கிவிடுவோம். ஒரு சீட்டைக்கூடக் காட்ட மனம் வராத ஆட்டத்தில், போக்கர் வல்லுநர்கள் தங்கள் தந்திரங்களையே புத்தகமாக எழுதி விற்கிறார்களே, ஏன்? பல வருடங்களாக என்னை விடாத கேள்வி இது.

டாயில் பிரன்சனிடமிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ்காரர். லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை 1976, 1977 என்று அடுத்தடுத்து வென்றவர். அந்த வெற்றிகளைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டே சீட்டு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள். இரண்டு வருடமும் கடைசிக் கையில் பிரன்சனிடம் இருந்தது பத்தும் இரண்டும். சுமாரான கைகூட இல்லை, மட்டமான கை. இரண்டு முறையும் கடைசிச் சீட்டு விழுந்தபோது ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு. இன்றைக்கும் பத்து-இரண்டுக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சரி, அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாமும் பத்து-இரண்டை வைத்துக்கொண்டு பணத்தைத் தள்ளினால்? பெரும்பாலும் போய்விடும். அவர் வைத்திருந்த சீட்டு நமக்குத் தெரியும்; எதிராளியின் முகத்தில் அவர் படித்தது தெரியாது.

பிரன்சன் 1978இல் தன் புத்தகத்தைத் தானே அச்சிட்டார். 'சூப்பர் சிஸ்டம்' என்ற பெயரில் புகழ்பெற்ற புத்தகம். விலை 100 டாலர். ஒவ்வொரு வகை ஆட்டத்துக்கும் அதில் தேர்ந்த ஒருவரை அழைத்து எழுதவைத்தார். தன் பகுதியில் அவர் சொன்னது: காத்திருக்காதே, நீயே முந்திக்கொண்டு எதிராளியை நெருக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம். இந்தச் சுரைக்காய் உதவிவிட்டது! படித்தவர்கள் அவர் முறையை அவர்மேலேயே திருப்பினார்கள். புத்தகத்தால் தனக்கு நஷ்டம்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படியும் இரண்டாவது பாகம் கொண்டுவந்தார். 2005இல், 71 வயதில், உலகத் தொடரில் தன் பத்தாவது பட்டத்தையும் வென்றார்.

எல்லோரும் படித்த பிறகும் எப்படி வென்றார்? முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? அவசரத்தில் விடுகிறோமா? போக்கரும் அப்படித்தான். மூன்று மணி நேரம் பொறுமையாக ஆடியவர், கடைசிச் சீட்டில் பெரிய தொகையை இழக்கிறார். அடுத்த கை வருகிறது. மட்டமான சீட்டு, கீழே போட்டுவிட்டு விலக வேண்டியதுதான். அந்தப் பக்கம் புத்தகத்தில் மனப்பாடம். ஆனால் விரல் சீட்டை விடமாட்டேன் என்கிறது. தெரிவது வேறு, அந்த நிமிடத்தில் செய்வது வேறு. வல்லுநர் தைரியமாக எழுதுவது இதை நம்பித்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் பணம். மேஜையில் ஒருவர் ஜெயிப்பது மற்றவர் தோற்றதைத்தான்; அதிலும் சூதாட்ட விடுதி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வல்லுநர்கள் மட்டுமே சுற்றி உட்கார்ந்தால் யாருக்கும் பிழைப்பில்லை, புது ஆட்கள் வர வேண்டும். 1976இல் அந்த முக்கியப் போட்டியில் ஆடியவர்கள் 22 பேர். 2006இல் 8,773 பேர். தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும்தான் அதில் பெரும்பங்கு. ஆனாலும், பாதிப் புத்தகம் படித்த தைரியத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ!

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். எழுதுகிறவருக்கே கிடைக்கும் லாபத்தைக் கடைசியில் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக: "இந்த இடத்தில் ஏன் பணத்தை ஏற்றினேன்?" என்று காரணம் எழுத உட்கார்ந்தால், சில இடங்களில் காரணமே இருக்காது. அந்த ஓட்டை எதிராளிக்குத் தெரியும் முன்பே எழுதுகிறவர் கண்ணில் பட்டுவிடும். நன்றி, வணக்கம்.