திருக்கை மீனிலிருந்து கதிர் வருமா?

சரி, அடுத்த கேள்வி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டாம். "ஆங்கிலத்தில் திருக்கை மீனும் ரே, எக்ஸ்ரேயும் ரே, மீன் துடுப்பில் இருப்பதும் ரே, அப்போ திருக்கையிலிருந்து கதிர் வருமா என்று கேட்கிறான், நான் என்ன சொல்ல?"

வராது அக்கா. அதன் வாலில் விஷ முள் இருக்கிறது, பயப்படுவதானால் அதற்குத்தான் பயப்பட வேண்டும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் சம்பால் மிளகாய் விழுது தடவி வாழை இலையில் வைத்துச் சுட்டுத் தருகிறார்களே இக்கான் பாரி, அதே மீன்தான். அதன் ஆங்கிலப் பெயர் 'ராயா' என்ற லத்தீன் மீன் பெயரிலிருந்து வந்தது. எக்ஸ்ரேயில் இருக்கிற ரே வேறு, அது 'ராடியஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது, வண்டிச் சக்கரத்தில் நடுவிலிருந்து விரிகிற ஆரக்கால் என்று அதற்கு ஒரு பொருள். இரண்டும் தேய்ந்து தேய்ந்து ஒரே ஓசையில் வந்து நின்றுவிட்டன. மலாயில் இந்தத் தொல்லையே இல்லை பாருங்கள், மீன் பாரி, துடுப்பில் இருப்பது ஜெஜாரி, எக்ஸ்ரே சினார் எக்ஸ்.

துடுப்பு ரே எதுவென்று காட்ட வேண்டுமா, ஒரு தீலாப்பியாவை வாங்கி முதுகுத் துடுப்பை விரித்துக் காட்டுங்கள். விசிறிக் கம்பி மாதிரி வரிசையாக நிற்கும், கழுவும்போது கையில் குத்துவதும் அந்த வரிசையில் முன்னால் இருப்பவைதான். இப்படித் துடுப்புள்ள மீன்களுக்கு 'ரே துடுப்பு மீன்கள்' என்றே பெயர், 30,000 வகைக்கு மேல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ரே என்று பெயர் வைத்த திருக்கை அந்தக் கூட்டத்திலேயே இல்லை! அது சுறாவுக்குச் சொந்தம், எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.

அப்புறம் எக்ஸ்ரே. 1895 நவம்பரில் ஜெர்மனியில் ரோன்ட்ஜென் கண்டுபிடித்தார். என்ன கதிர் என்று அவருக்கே தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்குப் போடுகிற எக்ஸை வைத்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் பிடித்தார், விரல் எலும்பும் மோதிரமும் தெரிந்தன. சதையைத் தாண்டிப் போகிற அளவுக்கு எலும்பைத் தாண்டிப் போக முடியாது, அங்கே சுண்ணாம்புச் சத்து தடுத்துவிடும். தமிழில் ஊடுகதிர் என்கிறோம், ஊடுருவிப் போகிற கதிர், எனக்கு ரொம்பப் பிடித்த சொல்.

நானும் ஒரு தடவை செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் மோட்டாரோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்த டாக்டர், "ரேடியஸ் உடைந்திருக்கிறது" என்றார். முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு, தமிழில் ஆர எலும்பு. அதுவும் அதே லத்தீன் சொல்தான். வலியில் அன்றைக்கு அதெல்லாம் யார் யோசித்தது.

சரி, அடுத்து யார் கேட்டிருக்கிறார்கள், பார்ப்போம்.