பிரஷ்யனும் லிதுவேனியனும்

வணக்கம். பால்டிக் கடலோரத்தின் பால்டிக் மொழிகளில் இன்று பேச்சில் இருப்பவை லிதுவேனியனும் லாட்வியனும்தான். எஸ்டோனிய மொழியையும் சிலர் இவற்றோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அது தவறு, அது ஃபின்னிஷ் மொழிக்கு உறவு.

லிதுவேனியனின் பழமையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மகனை அங்கே 'சூனுஸ்' என்பார்கள், சமஸ்கிருதத்தில் 'சூனு'. அதற்காகவே 1852இல் ஷ்லைகர் என்ற ஜெர்மன் அறிஞர் லிதுவேனியக் கிராமங்களுக்குப் போய்ப் பேச்சைக் கேட்டு எழுதினார். லாட்வியன் அவ்வளவு பழைய கோலத்தில் இல்லை. ஃபின்னிஷுக்கு உறவான மொழி பேசிய லிவோனியர்களோடு கலந்து வாழ்ந்ததில் அழுத்தம் சொல்லின் முதல் அசைக்கு வந்துவிட்டது, சொல்லின் கடைசியும் தேய்ந்தது. ஓநாய்க்கு லிதுவேனியனில் 'வில்காஸ்', லாட்வியனில் 'வில்க்ஸ்'.

ஆனால் பழமைதான் லிதுவேனியனைக் காப்பாற்றியது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவதாக ஒரு மொழி இருந்தது, பழைய பிரஷ்யன். அதுவும் பழமையில் குறைந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் கிறிஸ்தவப் போர்த்துறவிகள் அதைப் பேசிய பிரஷ்ய மக்களை அடக்கினார்கள். ஜெர்மானியர் குடியேறினார்கள். பிரஷ்யா என்ற நாட்டின் பெயர் மட்டும் ஜெயித்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த மொழிக்கு அச்சுப் புத்தகமும் கிடைத்தது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1545இல் இரண்டு, 1561இல் ஒன்று என மூன்று கிறிஸ்தவ மறைக்கல்வி நூல்கள் வந்தன. மூன்றாவதை மொழிபெயர்த்த ஆபெல் வில் என்ற பாதிரியாருக்கு உதவியவர் பால் மெகாட் என்ற பிரஷ்ய துபாஷி. இன்று நமக்குத் தெரியும் பிரஷ்யனில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான். லிதுவேனியனின் முதல் புத்தகமும், மாஜ்வீதாஸ் எழுதியது, 1547இல் அதே ஊரில்தான் அச்சானது. ஒரே ஊர், ஒரே ஆட்சியாளர், இரண்டு வருட இடைவெளி! இருந்தும் 1709இல் தொடங்கிய கொள்ளைநோயோடு பிரஷ்யன் பேசுகிற கடைசி ஆட்களும் போய்விட்டார்கள். வீட்டில் ஜெர்மன் ஏற்கெனவே நுழைந்துவிட்டிருந்தது.

லிதுவேனியனுக்கும் சோதனை வந்தது. தன் ஆட்சிக்கு எதிராக அங்கே நடந்த 1863 கிளர்ச்சிக்குப் பிறகு ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லிதுவேனியப் புத்தகம் அச்சிடக்கூடாது என்று 1864இல் தடை போட்டது. ரஷ்ய எழுத்தில் வேண்டுமானால் படி என்றார்கள். மக்கள் அதைத் தொடவில்லை. எல்லைக்கு அப்பால் ஜெர்மன் பகுதியில் டில்ஸிட் போன்ற ஊர்களில் அச்சடித்து, மூட்டை கட்டி, ராத்திரியில் காவல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் சிறை, இல்லாவிட்டால் சைபீரியா. பெரும்பாலும் குடியானவர்கள் இவர்கள்; யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் பெயர் பெற்றவர். அவர் பிறந்த மார்ச் 16ஐ இன்றும் அங்கே புத்தகம் சுமந்தவர்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளியில் இல்லாத பாடத்தை வீட்டில் தாய்மார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அந்த நாற்பது வருடம்தான் இந்த வரலாற்றின் நடுப்பகுதி.

தடை 1904இல் நீங்கியது. அதற்கு முன்பே, 1901இல், யப்லோன்ஸ்கிஸ் என்ற மொழியறிஞர் புனைபெயரில் எழுதிய இலக்கணம் டில்ஸிட்டில் அச்சாகியிருந்தது. 1918இல் நாடு விடுதலை அறிவித்தபோது, பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வேண்டிய பொதுமொழி அந்த இலக்கணத்தை ஒட்டித்தான் உருவானது.